மின்னழுத்தம் ஆடலாம், நேரம் ஆடாது
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நம் முன்னோர் காலம் அளக்கப் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று நாழிகை வட்டில். அடியில் நுண்ணிய துளையுள்ள ஒரு சிறு கிண்ணத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் சிறிது சிறிதாக உள்ளே ஏறும். கிண்ணம் மூழ்கிவிட்டால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், கழிந்தது என்று கொள்வர். பிறகு யாரேனும் அதை எடுத்து, நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் மிதக்க விட்டால்தான் அடுத்த நாழிகை தொடங்கும். ஏவினால் ஒரு முறை மட்டும் அளந்து முடித்து, அடுத்த ஏவலுக்குக் காத்திருப்பது அதன் இயல்பு.

மின்னணுவியலில் இதே இயல்புடையது ஒற்றைத் துடிப்புச் சுற்று. பாடநூல் இதனை ஒரு நிலைப் பல்லதிர்வி என்று கூறும். எட்டுக் கால்கள் கொண்ட 555 என்னும் டைமர் சில்லும், ஒரு மின்தடையும், ஒரு மின்தேக்கியும் இருந்தால் இதனை அமைத்துவிடலாம். ஆய்வகத்தில் இதைச் செய்து, பதிவேட்டில் படம் வரைந்து, கையொப்பம் பெற்றதோடு பலர் இதனை மறந்துவிடுகிறோம். ஆனால் ஒலக்கூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் நடைபெறும் ஒவ்வொரு மோட்டார் கொட்டகைக்கும் இச்சுற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பச்சைப் பொத்தானும் குச்சியும்

கழனிக் கிணறுகளில் உள்ள மும்முனை மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் என்னும் பெட்டி இருப்பதை அனைவரும் அறிவோம். அதன் பச்சைப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி, தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட்டரிலேயே உள்ள ஒரு துணைத் தொடுமுனை அச்சுருளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடலாம். மின்சாரம் நின்றால் சுருள் விட்டுவிடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். இது குறைபாடன்று, பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்ட ஏற்பாடு.

ஆயினும் மின்சாரம் நள்ளிரவில் நின்று நள்ளிரவிலேயே திரும்பி வந்தால், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்து செல்ல வேண்டியவர் உழவர்தாம். எங்கள் வீட்டில் அவ்வாறு செல்பவர் என் தந்தையார். பாம்பும் ஈரத் தரையும் இருட்டும் அந்த நடையில் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் நனைந்த கொட்டகைக்குள் இரவில் நுழைவது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நடையைத் தவிர்க்கச் சிலர் ஓர் எளிய வழியைக் கையாளுவதுண்டு. பச்சைப் பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி ஒரு குச்சியைச் செருகிவிடுவர். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். ஆனால் இதில் இரண்டு தீமைகள் உள்ளன. முதலாவது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்கும். கையை எடுத்த உடனே மீண்டும் ஓடத் தொடங்கும். அவசரத்தில் நிறுத்த முடியாத மோட்டார் அது. இரண்டாவது, சுமை மிகுந்து சூடேறினால் மோட்டாரைக் காப்பதற்காக ஓவர்லோடு ரிலே துண்டித்துவிடும். அந்த ரிலே குளிர்ந்ததும் தானே சேரும் வகையினதாக இருந்தால், செருகிய குச்சி மோட்டாரை மீண்டும் ஓட்டும். அது மீண்டும் சூடேறும். இவ்வாறு நிகழ்ந்துகொண்டேயிருந்தால் மோட்டாரின் சுருள் எரிந்துபோகும்.

எனவே நமக்குத் தேவை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும் குச்சியன்று. மின்சாரம் வந்தபின் ஒரே ஒரு முறை, இரண்டு நொடி மட்டும் அழுத்திவிட்டு விலகிக்கொள்ளும் ஒரு விரல் தேவை. அந்த விரலே ஒற்றைத் துடிப்பு.

555 பிறந்த வரலாறு

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1934-இல் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர், அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்த சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் இச்சில்லை வடிவமைத்தார். அப்போது அவர் அந்நிறுவனத்தின் ஊழியராக அன்றி, ஒப்பந்த அடிப்படையில் தனியே இருந்து பணிபுரிந்தார். முதல் வடிவத்தில் மின்தேக்கியை நிரப்புவதற்கு மாறா மின்னோட்ட மூலம் ஒன்றைச் சில்லுக்குள்ளேயே வைத்திருந்தார். அதற்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. அம்மூலத்துக்குப் பதிலாக வெளியே ஒரு சாதாரண மின்தடையே போதும் என்று பின்னர் அவருக்குத் தோன்றியது. ஒரு கால் குறைந்து எட்டானது. எட்டுக் கால் கூட்டுக்குள் சில்லு அடங்கிவிட்டது. 1972-இல் அது விற்பனைக்கு வந்தது.

உள்ளே 5 கிலோ ஓம் மின்தடைகள் மூன்று இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கமென்சிண்ட் கூறியது வேறு. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ட் ஃப்யூரி என்பவர் இந்த எண்ணைத் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார் என்பதே அவர் கூற்று. பெயருக்குக் காரணமாகாவிட்டாலும், சில்லின் சிறப்புக்கு அந்த மூன்று மின்தடைகளே காரணம். அதனை இனிக் காண்போம்.

சில்லுக்குள் நடப்பது யாது?

மூன்று சம மின்தடைகளும் தொடராக இணைக்கப்பட்டு, மின்வழங்கலுக்கும் தரைக்கும் இடையே நிற்கின்றன. ஆகவே அவற்றின் சந்திப்புகளில் மின்வழங்கலின் மூன்றில் ஒரு பங்கும், மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கின்றன. 9 வோல்ட் கொடுத்தால் 3 வோல்ட், 6 வோல்ட். 12 வோல்ட் கொடுத்தால் 4 வோல்ட், 8 வோல்ட்.

இவ்விரு எல்லைகளையும் காவல் காக்க இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் உள்ளன. அவை ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பைத் திருப்பிவிடுகின்றன. ஃபிளிப்-ஃபிளாப் வெளியீட்டையும், மின்தேக்கியைக் காலி செய்யும் ஒரு டிரான்சிஸ்டரையும் ஆள்கிறது.

ஓய்வு நிலையில் வெளியீடு சுழியாக இருக்கும். காலி செய்யும் டிரான்சிஸ்டர் மின்தேக்கியைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருக்கும். இரண்டாம் காலின் மின்னழுத்தத்தை ஒரு கணம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் ஃபிளிப்-ஃபிளாப் திரும்புகிறது, வெளியீடு உயர்கிறது, டிரான்சிஸ்டர் தன் பிடியை விடுகிறது. மின்தேக்கி மின்தடை வழியாக நிரம்பத் தொடங்குகிறது. அதன் மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் மேல் எல்லைக் காவலன் ஃபிளிப்-ஃபிளாப்பைப் பழைய நிலைக்குத் திருப்புகிறான். வெளியீடு தாழ்கிறது, மின்தேக்கி காலியாகிறது, சுற்று மீண்டும் ஓய்வுக்குச் செல்கிறது.

நிரம்பிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் காலை எத்தனை முறை சீண்டினாலும் நேரம் நீளாது, புதிதாகத் தொடங்கவும் செய்யாது. எந்தப் பொத்தானும் அழுத்தும்போது சில மில்லி நொடிகள் குதித்துக் குதித்துத்தான் தொடுகிறது. அந்தக் குதிப்புகள் அனைத்தையும் ஒரே அழுத்தமாகக் கொள்வது இச்சுற்றின் பெரும் பயனாகும்.

துடிப்பின் நீளத்துக்குச் சூத்திரம் எளிது. மின்தடையை ஓமிலும் மின்தேக்குதிறனை ஃபாரடிலும் எடுத்துப் பெருக்கி, 1.1 ஆல் பெருக்கினால் நொடிகள் கிடைக்கும். இந்த 1.1 என்பது 3-இன் இயல் மடக்கையான 1.0986 என்னும் எண்ணின் தோராயமே. மின்தேக்கி சுழியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்பும்போது எஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் மடக்கையில் 3 வருகிறது.

வாரமும் குத்தகையும்

இச்சூத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது அதில் இல்லாத ஒன்றை. மின்வழங்கலின் வோல்ட் அளவு அதில் எங்குமே இல்லை. இது எப்படி என்று நான் வெகுநேரம் சிந்தித்ததுண்டு. எங்கள் பக்கத்து நில வழக்கமே இதற்கு விடை தந்தது.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் விளைச்சல் எவ்வளவாயினும் குறித்த மூட்டைகளை அளந்தாக வேண்டும். நல்ல விளைச்சலில் அது எளிது. விளைச்சல் குன்றினால் கடினம். வாரத்துக்கு விட்டால் அப்படியன்று. பாதி என்றால் விளைந்ததில் பாதி. விளைச்சல் ஏறினால் பங்கும் ஏறும், இறங்கினால் பங்கும் இறங்கும், விகிதம் மாறாது.

555 தன் எல்லையை வாரமாக வைத்துக்கொண்டது. குத்தகையாக வைத்துக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் பெருக்கம் 10 நொடி. மேல் எல்லை எப்போதும் 4 வோல்ட் என்று நிலையாக இருப்பதாகக் கற்பனை செய்வோம். மின்வழங்கல் 6 வோல்ட் ஆனால் மின்தேக்கி 4 வோல்ட்டை அடைய 11 நொடி ஆகும். 9 வோல்ட் ஆனால் 5.9 நொடி. 12 வோல்ட் ஆனால் 4.1 நொடி. ஒரே சுற்று, மூன்று நேரங்கள்.

இப்போது உண்மையான 555-ஐப் பார்ப்போம். 6 வோல்ட்டில் எல்லை 4 வோல்ட். 9 வோல்ட்டில் 6. 12 வோல்ட்டில் 8. மின்னழுத்தம் கூடினால் மின்தேக்கி விரைவாக ஏறுகிறது. ஆனால் ஏற வேண்டிய உயரமும் அதே அளவில் கூடிவிடுகிறது. ஆகவே மூன்றிலும் 11 நொடிதான். என்.ஈ. 555-இன் விவர ஏடு, மின்வழங்கல் ஒரு வோல்ட் மாறினால் நேரம் சுமார் 0.1 விழுக்காடு மட்டுமே மாறும் என்கிறது. 4.5 வோல்ட் முதல் 16 வோல்ட் வரை அது வேலை செய்யும்.

மாலையில் விளக்கு மங்குவதும், பக்கத்துக் கழனியில் மோட்டார் ஓடத் தொடங்கினால் மின்விசிறி தளர்வதும் கிராமங்களில் நாம் காணாத காட்சியன்று. அத்தகைய இடத்தில், மின்னழுத்தம் ஆடினாலும் தன் நேரம் ஆடாத ஒரு சில்லின் அருமை நகரத்தில் இருப்போரைவிட நமக்கு நன்கு விளங்கும்.

செய்து பார்க்கும் முறை

பிரெட்போர்டு ஒன்றும் 9 வோல்ட் மின்கலம் ஒன்றும் எடுத்துக்கொள்க. சில்லின் காடி இடப்பக்கம் இருக்குமாறு வைத்தால் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 4 வரையும், மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5 முதல் 8 வரையும் கால்கள் அமையும்.

முதல் காலைத் தரையிலும், 4, 8 ஆகிய கால்களை மின்வழங்கலிலும் இணைக்கவும். 6, 7 ஆகிய இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும். அச்சந்திப்பிலிருந்து மின்வழங்கலுக்கு 100 கிலோ ஓம் மின்தடை. தரைக்கு 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, அதன் எதிர்முனை தரையில். ஐந்தாம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் புற இரைச்சல் எல்லையைக் கலைக்காது. மூன்றாம் காலிலிருந்து 470 ஓம் மின்தடை வழியாக எல்.இ.டி. விளக்கைத் தரைக்கு இணைக்கவும்.

இரண்டாம் காலை 10 கிலோ ஓம் வழியாக மின்வழங்கலுக்கு இழுத்து வைக்கவும். பொத்தானை அக்காலில் நேரே இணைத்தால், துடிப்பின் நேரத்தைவிட அதிகமாக அழுத்திப் பிடிப்பவர் கையில் விளக்கு அணையாமலே இருக்கும். ஆதலால் பொத்தானின் ஒரு முனையைத் தரையிலும், மறுமுனையைத் தனியே ஒரு 10 கிலோ ஓம் வழியாக மின்வழங்கலிலும் இணைத்து, அம்மறுமுனையிலிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக இரண்டாம் காலுக்குச் செல்க. இனி எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் சில்லுக்குச் செல்வது ஒரு நுண்ணிய சீண்டல் மட்டுமே. விளக்கு 11 நொடி எரிந்து அணையும்.

மின்பகு வகை மின்தேக்கிகளின் அளவு 20 விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கலாம் என்பதால் 11 என்பது 9 ஆகவோ 13 ஆகவோ வரக்கூடும். அது சில்லின் பிழையன்று. அதே பாகங்களை வைத்துக்கொண்டு மின்கலத்தை மட்டும் 6 வோல்ட்டுக்கு மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். முன் கிடைத்த நேரமே கிடைப்பதைக் காண்பீர்கள்.

இரண்டு வட்டில்கள்

இனி மோட்டார் கொட்டகைக்குத் திரும்புவோம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்கும் கணத்தில் அதைப்போல் 5 முதல் 7 மடங்கு எடுக்கும். மின்சாரம் திரும்பிய அதே நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகத் தொடங்கினால் மின்னழுத்தம் சரிந்து, ஒன்றுமே சரியாக ஓடாது. ஆகவே மின்சாரம் வந்ததும் முதலில் காத்திருக்க வேண்டும். பிறகு அழுத்த வேண்டும்.

இதற்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு 555 சில்லுகள் போதும். இரண்டும் ஒரே கூட்டில் உள்ள 556 என்ற சில்லும் உண்டு. முதல் சில்லு காத்திருப்பதற்கு. அதன் இரண்டாம் காலை ஒரு மின்தடையால் மின்வழங்கலுக்கும், ஒரு சிறு மின்தேக்கியால் தரைக்கும் இணைத்தால், மின்சாரம் வந்த கணத்தில் அக்கால் தாழ்ந்திருந்து சில்லைத் தானே ஏவிவிடும். 470 மைக்ரோ ஃபாரட்டும் 220 கிலோ ஓமும் வைத்தால் காத்திருப்பு ஏறத்தாழ 114 நொடி. அடுத்த கழனியில் 150 கிலோ ஓம் வைத்தால் 78 நொடி. அதற்கடுத்ததில் 100 கிலோ ஓம் வைத்தால் 52 நொடி. மோட்டார்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

முதல் சில்லின் வெளியீடு தாழும்போது ஏற்படும் இறக்கத்தை 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக இரண்டாம் சில்லின் இரண்டாம் காலுக்குக் கொடுத்தால் அது ஏவப்படும். அதில் 180 கிலோ ஓமும் 10 மைக்ரோ ஃபாரட்டும் வைத்தால் துடிப்பு 2 நொடி. அந்தத் துடிப்பு ஒரு 12 வோல்ட் ரிலேயை இழுக்கும். சில்லின் வெளியீடு 200 மில்லி ஆம்பியர் வரை தரும். சிறிய ரிலேக்கு அது தாராளம். ரிலே விடும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தடுக்க அதன் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு அவசியம். ரிலேயின் தொடுமுனைகள் பச்சைப் பொத்தானுக்கு இணையாக அமையும். இரண்டு நொடி அழுத்தம், அதன்பின் விலகல். சிவப்புப் பொத்தானும் ஓவர்லோடு ரிலேயும் தத்தம் அதிகாரத்தை இழப்பதில்லை. குச்சிக்கும் துடிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மின்சாரம் சில நொடிகள் மட்டும் நின்று திரும்பினால் மின்தேக்கியில் மிச்ச மின்னூட்டம் தங்கி, காத்திருப்பைக் குறைத்துவிடும். மின்தேக்கியிலிருந்து மின்வழங்கல் கம்பியை நோக்கி ஒரு டையோடு வைத்தால், மின்சாரம் நிற்கும்போது அம்மிச்சம் அவ்வழியே வடிந்துவிடும். நாழிகை வட்டிலை நீர் கொட்டிவிட்டு மிதக்க விடுவதைப் போன்றது இது.

நேரம் மட்டும் போதாது

இச்சுற்றால் இயலாதவற்றையும் கூறுவது கடமை. மும்முனைகளில் ஒன்று வராதபோது மோட்டாரைத் தொடக்கினால் அது ஓடாமல் உறுமிச் சூடேறி எரிந்துபோகும். 555-க்கு நேரம் தெரியுமே தவிர, மூன்று முனைகளும் வந்தனவா என்பது தெரியாது. அதற்குச் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்னும் தனிக் கருவி வேண்டும். கிணற்றில் நீர் இருக்கிறதா என்பதும் இதற்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருப்பது இதற்குத் தெரியாது. தானியங்கி பொருத்திய மோட்டாரில் எந்த வேலை செய்வதானாலும், மின்சாரம் இல்லாத நேரமாயினும், மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ்களைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். காத்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு மின்மணி ஒலிக்குமாறு முதல் சில்லின் வெளியீட்டில் இணைப்பது நன்று. அருகில் இருப்போர் விலக அது அவகாசம் தரும். மாணவர்கள் இதனை மின்கலத்திலும் எல்.இ.டி. விளக்கிலும் செய்து பார்ப்பதோடு நிற்க வேண்டும். 415 வோல்ட் உள்ள பெட்டியைத் தகுதி பெற்ற மின்பணியாளரே திறக்க வேண்டும்.

முடிவுரை

இன்று கடைகளில் ஆட்டோ சுவிட்ச் என்ற பெயரில் ஆயத்தப் பெட்டிகள் கிடைக்கின்றன. மைக்ரோகண்ட்ரோலர் கொண்டவையும், கைப்பேசி அழைப்பால் மோட்டாரை ஓட்டுபவையும் உள்ளன. அவற்றின் உள்ளும் காத்திரு, ஒரு முறை அழுத்து, விலகு என்ற மூன்று கட்டளைகளே நடக்கின்றன. பெட்டி பழுதானால் திறந்து பார்க்க அஞ்சி, விலை கொடுத்து வேறொன்று வாங்குவதே உழவர் வழக்கம். உள்ளே இருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம்தாம். இவ்வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் கல்லூரிக்கு வரும் மாணவர் பலருடைய வீட்டிலும் கழனி உண்டு, கிணறு உண்டு, ஸ்டார்ட்டர் பெட்டி உண்டு. குச்சி செருகிய பச்சைப் பொத்தானைக் கண்டால் அதன் தீமையை எடுத்துக் கூறி, அக்குச்சியை அகற்றச் செய்தால் அதுவே நாம் படித்த மின்னணுவியலுக்கு முதற்பயன். மின்தடையையும் மின்தேக்கியையும் 1.1-ஐயும் பெருக்கத் தெரிந்த ஒவ்வொரு மாணவரும் இவ்விடுமுறையில் இதனைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.